எழுதுகோலால் வாடிக்கை பிடித்தவர்: முன்ஷி அப்துல்லா

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நம் முன்னோர் இந்த மண்ணுக்கு என்ன கொண்டு வந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், துணி மூட்டை கொண்டு வந்தார்கள், பணம் மாற்றும் தொழிலைக் கொண்டு வந்தார்கள், படகு வலிக்கும் தோள்வலிமையைக் கொண்டு வந்தார்கள் என்று சொல்லுகிறோம். சொல்ல மறந்துபோகும் சரக்கு ஒன்று உண்டு. அது மொழி. மலாய்க்காரரிடம் மலாயிலும் அரபியரிடம் அரபியிலும் சூலியா வணிகரிடம் தமிழிலும் பேசி, அவரவர் மரியாதைக்கு ஏற்ப மடல் எழுதி, அதனாலேயே தொழில் பெருக்கிய ஒரு கூட்டம் நம்மிடையே இருந்தது. அந்தக் கூட்டத்தில் தலைசிறந்தவர் முன்ஷி அப்துல்லா பின் அப்துல் காதிர்.

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று இன்று உலகம் அவரைப் போற்றுகிறது. மலாக்காவில் ஒரு பெரிய சாலையும், சிங்கப்பூரில் ஆசிரியர் குடியிருப்புப் பேட்டையில் ஒரு வீதியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் புகழ் வருவதற்கு முன்னால் அவர் எழுதிப் பிழைத்தவர். கடை வைக்காமல், கப்பல் ஓட்டாமல், தன் எழுத்து யாருக்குத் தேவை என்று தேடிப்போய், அந்த ஆளுக்குத் தகுந்தபடி எழுதிக்கொடுத்து வாடிக்கை பிடித்தவர். பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் குடும்பங்களுக்கு, தொழில் செய்கிற இளைஞர்களுக்குக் குறிப்பாக, அவர் வாழ்க்கையின் அந்தப் பக்கத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

நாகூர் வழி வந்த குடும்பம்

அப்துல்லாவின் முப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். மார்க்கக் கல்வி போதிப்பவர். அவர் நாகூருக்கு வந்து, அங்கேயே மணம் முடித்துத் தங்கினார். அவருடைய பிள்ளைகள் கிழக்குத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார்கள். ஒருவர் மலாக்காவுக்கு வந்தார். அவர்தாம் அப்துல்லாவின் பாட்டனார் முகம்மது இப்ராஹிம். மலாக்காவில் ஷேக் மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். பாட்டியாரின் பெயரை அப்துல்லா தம் சுயசரிதையில் பெரி ஆச்சி என்று எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் பெரியாச்சி என்று வழங்கும் அதே சொல்தான் அது. அந்த அம்மையார் கம்போங் பாலியில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 200 பிள்ளைகள் அங்கே ஓதினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் குலத்துப் பெண் ஒருவர் பள்ளித் தலைவியாக இருந்தார் என்பது நம் தாய்மார்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

தந்தையார் அப்துல் காதிர் மலாக்காவின் உட்புறக் கிராமங்களுக்குச் சென்று வியாபாரம் செய்தவர். போன இடத்தில் சரக்கை மட்டும் விற்றுவிட்டுத் திரும்பவில்லை. அங்குள்ள மக்களுக்கு மார்க்கம் கற்பித்தார், அவர்கள் மொழியில் பழகினார். பிறகு மலாய் எழுத்தையும் தமிழ்க் கணக்கையும் முறையாகக் கற்று, மலாக்காவில் எழுத்துத் தொழிலிலும் பெயர் பெற்றார்.

இந்தக் குடும்பத்தில்தான் 1796ஆம் ஆண்டு அப்துல்லா பிறந்தார். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே தவறிவிட்டார்கள். இவரும் நோஞ்சானாகவே வளர்ந்தார். ஆனாலும் படிப்பு விஷயத்தில் தந்தையார் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. பிரம்பும் கண்டிப்புமாகத்தான் வளர்த்தார்.

இரண்டரை ஆண்டு தமிழ்ப் படிப்பு

குர்ஆன் ஓதி முடித்ததும் அப்துல்லாவைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள். இரண்டரை ஆண்டு படித்தார். ஏன் தமிழ் என்பதற்கு அவரே காரணம் எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்து மலாக்காவில் இந்திய வணிகர் நிறைந்திருந்தார்கள். வியாபாரத்தால் பெருஞ்செல்வம் சேர்த்தவர்களும் அவர்களில் பலர். கணக்கு எழுதவும் கொடுக்கல் வாங்கல் பேசவும் தமிழ் வேண்டியிருந்தது. அதனால் வசதியுள்ள வீடுகளில் பிள்ளைகளைத் தமிழ் கற்க அனுப்புவது ஊர் வழக்கமாகவே இருந்தது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தமிழ் அன்று வீட்டில் அம்மாவிடம் பேசும் மொழியாக மட்டும் இருக்கவில்லை. கடைத்தெருவில் காசு ஈட்டித் தரும் மொழியாகவும் இருந்தது. அந்த மதிப்பு இருந்ததால்தான், வீட்டில் மலாய் பேசி வளர்ந்த பிள்ளைகூடத் தமிழ்ப் பள்ளிக்குப் போனது.

முதல் கடன் பத்திரம்

அக்காலத்தில் துறைமுகத்துக்கு வரும் நகுதாக்களில் பெரும்பாலோருக்குப் பத்திரம் எழுதத் தெரியாது. கடன் வாங்கினாலும், ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்தாலும், மரண சாசனம் எழுதினாலும் அப்துல் காதிரைத்தான் தேடி வருவார்கள். ஒருமுறை தந்தையார் வீட்டில் இல்லாத வேளையில் ஒரு நகுதா கடன் பத்திரம் எழுதிக்கொள்ள வந்தார். வாசலில் நின்ற சிறுவன் அப்துல்லா, தானே எழுதித் தருவதாகச் சொல்லி அமர்ந்தான். எழுதியும் கொடுத்தான். நகுதா அதை ஏற்றுக் கூலியும் கொடுத்துப் போனார். தந்தையாருக்குச் செய்தி தெரிந்தது. உள்ளூர மகிழ்ந்தாலும் அதை வெளிக்காட்டவில்லை. ஆனால் அன்று முதல் தம் வேலைகளில் மகனையும் பழக்கினார்.

வேலை தெரிந்த ஒரு தகப்பன் தன் மகனுக்கு விட்டுச் செல்லும் பெரிய சொத்து, தன் வாடிக்கையாளர்களின் நம்பிக்கைதான். அப்துல்லா அந்தச் சொத்தோடு தொடங்கினார்.

சிப்பாய்கள் தந்த பட்டம்

மலாக்காவில் அப்போது ஆங்கிலக் கும்பினியின் படை இருந்தது. அதில் வட இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் பலர் இருந்தார்கள். ஊர் விட்டு வந்த அவர்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. இளைஞர் அப்துல்லா அவர்களிடம் போனார். ஓதிக்கொடுத்தார். பதிலுக்கு அவர்களிடமிருந்து இந்துஸ்தானியைக் கற்றுக்கொண்டார். ஆசிரியர் என்ற பொருளில் முன்ஷி என்று அவரை முதலில் அழைத்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்தாம். அந்தப் பட்டமே பிறகு அவர் பெயராகிவிட்டது.

ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கூலி மட்டும் பெற்றால் அது அன்றோடு தீரும். அவர்களிடமிருந்து ஒரு மொழியும் பெற்றால் அடுத்த வாடிக்கையாளருக்கு அது வழி திறக்கும். அப்துல்லாவின் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் நடந்தது.

அரசர்களுக்குப் போன மடல்கள்

ஜாவாத் தீவின் மீது படையெடுக்க ஆயத்தம் செய்யும் பொருட்டு ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்து தங்கினார். படையெடுப்பு 1811இல் நடந்தது. அதற்கு முன் சுற்றியுள்ள மலாய் அரசர்களின் நட்பு அவருக்குத் தேவைப்பட்டது. அதற்காக எழுத்தர்கள் சிலரைக் கூட்டி ஓர் அலுவலகமே நடத்தினார். தலைமை எழுத்தர் இப்ராஹிம் என்பவரும் நம் சூலியா வம்சத்தவரே. அந்த எழுத்தர்களில் வயதில் மிக இளையவர் அப்துல்லா. அப்போது அவருக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கலாம்.

அங்கே அவர் கண்ட கலைதான் மலாய் மடல் எழுதும் கலை. எல்லா அரசருக்கும் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பும் வழக்கம் அதில் கிடையாது. மடலின் உச்சியில் அரபியில் ஒரு தலைவாசகம் இருக்கும். யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். அடுத்துப் பெறுபவரின் பதவிக்கும் குலத்துக்கும் ஏற்றபடி நீண்ட வாழ்த்துரை வரும். அதற்குப் பிறகே விஷயம். கடைசியில் மடலோடு அனுப்பும் அன்பளிப்பு இன்னதென்று பணிவோடு குறிக்கப்படும். முத்திரையை எந்த இடத்தில் குத்துவது என்பதற்கும் விதி உண்டு. இடம் மாறினால் அனுப்பியவர் தம்மை உயர்த்திக்கொண்டார் என்று பொருளாகிவிடும். அரசருக்குப் போகும் மடலை மஞ்சள் பட்டில் சுற்றுவார்கள். போய்ச் சேரும் இடத்தில் அந்த மடலுக்கு அரசருக்குரிய மரியாதையே கிடைக்கும்.

ராஃபிள்ஸின் மடல்களுக்குப் பதில் மடல்கள் வந்தன. அன்பளிப்புகளும் ஏட்டுப் பிரதிகளும் வந்தன. படை பலம் ஒரு பக்கம் இருக்க, பெறுபவரின் மனம் குளிரும்படி எழுதத் தெரிந்த எழுத்தர்களின் பலமும் அதில் இருந்தது. இளைஞர் அப்துல்லா இதை அருகிருந்து பார்த்தார். கேட்பவர் யார், அவருக்கு எது கௌரவம், எது குறை என்று அறியாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்ற பாடம் அங்கே அவருக்குக் கிடைத்தது.

எங்கே வளைவது, எங்கே நிற்பது

1815இல் வில்லியம் மில்ன் என்ற கிறிஸ்தவப் போதகர் மலாக்காவுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து வேறு போதகர்களும் வந்தார்கள். அவர்களுக்கு மலாய் கற்பிக்க ஆள் தேவைப்பட்டது. அப்துல்லா கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலம் கற்றார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கவும் கற்றார். மலாய் உலகில் அச்சுத் தொழில் தெரிந்த முதல் சிலரில் ஒருவரானார்.

இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. குடும்பத்தார் கலங்கினார்கள். ஊரார் அவரை அப்துல்லா பாதிரி என்று கேலி செய்தார்கள். மார்க்கத்தை விட்டுவிடுவாரோ என்ற சந்தேகம் அவர் மீது விழுந்தது. தன் சமூகத்தின் சந்தேகத்துக்கு ஆளாவது எவ்வளவு கனமான சுமை என்பதை நம்மில் வேற்றினத்தாரோடு தொழில் செய்யும் பலரும் அறிவார்கள்.

அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் குறை வைக்கவில்லை. அவர்கள் நூல்களுக்கு மொழித்திருத்தம் செய்தார். ஆனால் தம் தொழுகையையும் நம்பிக்கையையும் அந்த வேலையோடு சேர்த்து விற்கவில்லை. கூலிக்காக மொழியையும் கெடுக்கவில்லை. தாம்சென் என்ற போதகரிடம் இது பெரும் பிணக்காகவே வந்தது. அவர் ஆங்கில வாக்கியத்தின் அமைப்பை அப்படியே மலாயில் எழுத விரும்பினார். மலாய்க்காரர் அப்படிப் பேச மாட்டார்கள், படித்தால் பொருள் விளங்காது என்று அப்துல்லா எடுத்துச் சொன்னார். தாம்சென் கேட்கவில்லை. கூலி கொடுப்பவர் ஆயிற்றே என்று அப்துல்லா அது சரிதான் என்று தலையாட்டவுமில்லை. தம் கருத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிற்காலத்தில் தம் நூலிலும் இந்த வேறுபாட்டைப் பதிவு செய்து, அந்த மொழிநடைக்குத் தாம் பொறுப்பல்ல என்று ஊரறியச் செய்தார்.

வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவரால் அவருக்கு உதவ முடியாது. அந்த மடலை, அந்த நூலைப் படிக்கப்போகும் ஊராரின் மனம் தெரிந்தவர் என்பதால்தானே அவர் நம்மிடம் வந்தார்?

சிங்கப்பூரில் எழுத்துத் தொழில்

1819இல் சிங்கப்பூர் துறைமுகமாக எழுந்தது. அப்துல்லாவும் மலாக்காவிலிருந்து அங்கே வந்து தொழில் செய்தார். குடும்பம் மலாக்காவில், பிழைப்பு சிங்கப்பூரில் என்று போய் வந்துகொண்டிருந்தார். நம் தாத்தாமார் பலர் நடத்திய வாழ்க்கையும் அதுவே அல்லவா?

அந்தச் சந்தையின் நிலவரம் அவருக்கு நன்றாகப் புரிந்தது. ஐரோப்பிய வணிக நிறுவனங்களிடம் சரக்கு இருந்தது. அதைச் சீன வணிகர்கள் கடனாக எடுத்து, ஆண்டுதோறும் பருவக்காற்றோடு வரும் பூகிஸ் படகுகளுக்கும் மலாய்ப் படகுகளுக்கும் விற்றார்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்திலிருந்து நம்மவர்கள் துணி கொண்டு வந்தார்கள். இத்தனை பேருக்கும் நடுவே பொதுவாக ஓடிய மொழி மலாய். ஆங்கில வணிகர்களில் பலருக்கு அந்த மொழி தெரியாது. தெரிந்ததாக நினைத்தவர்களுக்கும் கடைத்தெரு மலாய்தான் தெரியும். ஓர் அரசருக்கோ நகுதாவுக்கோ அதில் மடல் எழுதினால் காரியம் கெட்டுவிடும்.

இந்த இடைவெளியில்தான் அப்துல்லாவுக்குத் தொழில் கிடைத்தது. வணிகர்களுக்கு மலாய் கற்பித்தார். அவர்களுக்கு வந்த மடல்களைப் படித்துச் சொன்னார். பதில் எழுதினார், மொழிபெயர்த்தார், விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். ஒருவருக்குச் செய்த வேலை இன்னொருவர் காதுக்குப் போய், அவரும் தேடி வந்தார்.

அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் ஜான் டர்ன்புல் தாம்சன். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய பொறியாளர் அவரே. அப்துல்லாவின் தோற்றத்தில் தென்னிந்தியத் தமிழரின் சாயல் தெரிந்தது என்றும், அரபியரின் மிடுக்கும் இந்துக்களின் விடாமுயற்சியும் அவரிடம் கலந்திருந்தன என்றும் தாம்சன் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

அதே ஆண்டுகளில்தான் சிங்கப்பூரில் நம்மவர்கள் ஜாமிஆ பள்ளிவாசலையும் அல்-அப்ரார் பள்ளிவாசலையும் நாகூர் தர்காவையும் எழுப்பினார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்வோம்.

கிளந்தானுக்குப் போன மடல்

1838இல் அவருடைய திறமைக்கு ஒரு சோதனை வந்தது. கிளந்தானில் அரச குடும்பத்தாரிடையே போர் மூண்டது. சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கும் படகுகளும் அங்கே சிக்கிக்கொண்டன. ஆட்களை அனுப்பி மீட்க முடியாது. மடலோடு ஒரு தூதுதான் போக வேண்டும். அந்தத் தூதில் அப்துல்லாவும் இருந்தார்.

கடற்கொள்ளையர் பயம் நிறைந்த காலம் அது. படகில் பகாங்கைக் கண்டு, திரங்கானுவைக் கண்டு, கிளந்தானை அடைந்தார். போர்க்களமாக இருந்த ஊரில், யாரிடம் முதலில் பேசுவது, எந்த மொழியில் பேசுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அறிந்து நடக்க வேண்டியிருந்தது. மடலை உரிய மரியாதையோடு சேர்ப்பித்துப் பேச்சு நடத்தினார்.

திரும்பி வந்ததும் அந்தப் பயணத்தை நூலாக எழுதினார். வழக்கமான அரசர் கதையாக அது இல்லை. தம் கண்ணால் கண்ட வீதி, சந்தை, உடை, உணவு, வறுமை, அரசரின் போக்கு எல்லாவற்றையும் எழுதினார். கொடுங்கோலர்களைக் கண்டித்தார். ஒரு மனக்குறையையும் அழுத்திச் சொன்னார். ஆங்கிலேயரும் சீனரும் தமிழரும் தத்தம் மொழியைப் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்பிக்கிறார்கள். மலாய்க்காரர் மட்டும் தம் மொழியைப் பள்ளியில் வைத்துப் படிக்காமல், பேசத் தெரிந்தால் போதுமென்று விட்டுவிடுகிறார்கள் என்பதே அது. மொழியால் சோறு தின்றவர் என்பதால் மொழியின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

எழுத்தாளர் அப்துல்லா

இதற்கு முன்பே, 1835இல், பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்திருந்தார். அதற்கு ஓர் இந்துத் தமிழ் நண்பர் துணை நின்றார். சிறுவயதில் கணக்குக்காகப் படித்த தமிழ், நாற்பது வயதை நெருங்கும்போது ஒரு நூலாகப் பலன் தந்தது.

அமெரிக்கப் போதகர் ஆல்ஃபிரட் நார்த் தூண்டியதன் பேரில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கி, 1843இல் முடித்தார். ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்ற அந்நூல் 1849இல் கெஸ்பெரி என்பவரின் அச்சகத்தில் கல்லச்சில் வெளிவந்தது. மலாய் மொழியில் ஒரு சாமானியர் நான் கண்டேன், நான் கேட்டேன் என்று தன் வாழ்க்கையைச் சொன்னது அதுவரை காணாத புதுமை. இன்று மலாக்காவின் பழைய வாழ்க்கையையும் சிங்கப்பூரின் தொடக்க காலத்தையும் அறிய விரும்புவோர் அனைவரும் அந்த நூலைத் தேடிப் போகிறார்கள்.

பாதிரி என்று ஊர் கேலி பேசிய அந்த மனிதர், 1854இல் ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்டார். அந்தப் பயணத்தையும் எழுதிக்கொண்டே போனார். அந்த எழுத்து பாதியில் நின்றது. புனித மண்ணில் அவர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் மகன் முகம்மது இப்ராஹிம் முன்ஷி பின்னாளில் ஜொகூர் அரசர் அபுபக்கரின் அலுவலகத்தில் உயர் பதவி வகித்தார். மடல் எழுதும் கலை மூன்று தலைமுறையாக அக்குடும்பத்தில் தொடர்ந்தது.

நம் பிள்ளைகளுக்கு

இன்று நம் பிள்ளைகள் பலர் தொழில் தொடங்குகிறார்கள். ஒரே விளம்பரத்தை ஆயிரம் பேருக்கு அனுப்புவது இப்போது ஒரு விரல் வேலை. அனுப்புகிறார்கள், பதில் வரவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள். முன்ஷியிடம் ஒரு நகுதா வந்தால் அவருக்கு ஒரு பத்திரம், ஓர் அரசர் என்றால் அவருக்கு ஒரு மடல், ஒரு சிப்பாய் என்றால் அவருக்கு ஒரு பாடம். எதிரில் இருப்பவர் எந்த ஊர், எந்த மொழி, எதை மரியாதை என்று நினைப்பவர் என்று தெரிந்துகொண்ட பிறகே அவர் எழுதுகோலைத் தொட்டார். கோத்தா பாருவில் இருக்கும் கடைக்காரருக்கும் மேடானில் இருக்கும் மொத்த வியாபாரிக்கும் சென்னையில் இருக்கும் ஏற்றுமதியாளருக்கும் ஒரே கடிதம் பொருந்தாது. பொருந்தும்படி எழுத, அவர்கள் மொழி நம் நாவில் இருக்க வேண்டும்.

அந்த வகையில் நம் வீடுகளில் ஒரு சொத்து கரைந்துகொண்டிருக்கிறது. தாத்தாவுக்குத் தமிழும் மலாயும் எழுதப் படிக்கத் தெரிந்தது, ஜாவி எழுத்தும் தெரிந்தது. பேரனுக்குத் தமிழில் பேச்சு மட்டும் மிச்சமாகி, அதுவும் தேய்ந்து வருகிறது. முன்ஷி மலாய்க்காரரைப் பார்த்து வருந்திய அதே நிலை இன்று நம் வாசலில் நிற்கிறது. சங்கத்தின் தமிழ் வகுப்புக்கும் குர்ஆன் வகுப்புக்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், மார்க்கத்துக்கும் மொழிக்கும் செய்யும் சேவையோடு, பிள்ளையின் வருங்கால வாடிக்கைக்கும் வித்திடுகிறார்கள் என்று உறுதியாக நம்பலாம்.

மலாக்காவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், அந்தச் சாலையின் பெயர்ப்பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இவர் நாகூர் வழி வந்தவர், தமிழ்ப் பள்ளியில் இரண்டரை ஆண்டு படித்தவர் என்று சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மறுமையில் உயர்ந்த பதவியை அருள்வானாக. நம் சந்ததிக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.